கணிப்பொறி வந்த வழி – 17: மலிவின் விலை

மேசைமீது நிலையாக வீற்றிருந்த கணிப்பொறியின் சரித்திரம் சென்ற அத்தியாயத்தோடு ஒருவாறு முடிவடைந்தது. மடியில் வைத்துக்கொள்ளத்தக்க கணிப்பொறி, அதிலும் சாமானியக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையிலே வந்த கணிப்பொறி, எந்த வழியாக நம்மிடம் வந்து சேர்ந்தது என்பதை இனிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையை அமெரிக்காவிலே தொடங்குவது எழுதுகிறவர்களின் வழக்கம். நான் புதுச்சேரிப் பிரதேசத்து வில்லியனூர்க் கொம்யூனிலே தொடங்குகிறேன். மலிவுக் கணிப்பொறி என்னும் எண்ணத்துக்கு இரண்டு கிளைகள் உண்டு. யந்திரத்தைக் குறைந்த செலவில் செய்து ஆளுக்கொன்றாகக் கொடுத்துவிடுவது ஒன்று. இருக்கிற ஒரு யந்திரத்தை ஊரார் கூடி அனுபவிப்பது மற்றொன்று. அந்த இரண்டு கிளைகளையும் சில மைல் இடைவெளிக்குள்ளே அடுத்தடுத்துப் பார்க்கக்கூடிய இடம், எனக்குத் தெரிந்தவரையில், இந்தக் கொம்யூன்தான்.

வெளியூரார் வில்லியனூரை அறிந்திருப்பது திருக்காமீசுவரர் கோயில் தேரினாலும், லூர்து மாதா ஆலயத்தினாலும், சுடுமண் பொம்மைகளினாலுமே. பிரெஞ்சுக் கவர்னர்கள் வடம் பிடித்த அந்தத் தேரை இன்றும் துணைநிலை ஆளுநர் வந்து இழுத்துவைப்பது சம்பிரதாயமாதலால், வருஷத்துக்கு ஒருமுறை பத்திரிகைகளில் ஊரின் பெயர் அடிபடும். ஆனால் ஊசுட்டேரிக்கு வடக்கே, பிப்டிக் என்று உள்ளூரார் வழங்கும் புதுவைத் தொழில் வளர்ச்சிக் கழகத்தார் பேட்டை அமைத்த சேதராப்பட்டில், எச்.சி.எல். கம்பெனியின் தொழிற்சாலையிலிருந்து கணிப்பொறிகள் அட்டைப் பெட்டிகளில் அடைபட்டு லாரி லாரியாகப் பள்ளிகளுக்கும் வங்கிகளுக்கும் சர்க்கார் அலுவலகங்களுக்கும் போய்க்கொண்டிருந்த காலத்தில், அதைப் பற்றி ஊரிலேயே அதிகம் பேச்சில்லை. திருச்செந்தூர்ப் பக்கத்து மூலைப்பொழி கிராமத்திலே பிறந்த சிவ நாடார், 1976-இல் டில்லியில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து தொடங்கிய ஸ்தாபனம் அது. சேதராப்பட்டு மட்டுமல்ல, விப்ரோவும் ஏசரும் புதுச்சேரியில் கணிப்பொறி பூட்டும் சாலைகளை வைத்திருந்தன. கடலூர்ச் சாலையில் தவளக்குப்பத்தை அடுத்த இடையார்பாளையத்தில் ஐ.பி.எம். வைத்திருந்த சாலை, அந்தக் கம்பெனியின் கணிப்பொறிப் பிரிவு முழுவதையும் 2005-இல் சீனத்து லெனோவா வாங்கியபோது கைமாறியது.

இத்தனை கம்பெனிகளும் இந்தச் சிறு பிரதேசத்தைத் தேடி வந்ததற்குக் காரணம் வரி. புதிய தொழிற்சாலைகளுக்கு விற்பனை வரியிலே சில வருஷங்களுக்குச் சலுகை, பின்தங்கிய பிரதேசம் என்ற முறையில் மத்திய சர்க்காரின் வருமான வரியிலே சலுகை, பக்கத்திலேயே சென்னைத் துறைமுகம் என்ற மூன்றும் ஒன்று கூடியதனால், தைவானிலிருந்தும் சீனத்திலிருந்தும் வந்திறங்கும் உறுப்புக்களை இங்கே கொண்டுவந்து பூட்டித் தென்மாநிலங்களுக்கு அனுப்புவது கணக்குக்குக் கட்டுபடியாயிற்று. 2004-இல் மத்திய சர்க்கார் கணிப்பொறிமீதிருந்த கலால் வரியை நீக்கியதும், 2006-இல் 12 சதவீதமாக மீண்டும் விதித்ததும், உத்தராஞ்சலத்துக்குக் கலால் விலக்கு அளித்ததும், அதன் பயனாக எச்.சி.எல். அந்த மாநிலத்திலே ருத்ரபூரில் இன்னொரு சாலை திறந்ததும், இந்தத் தொழில் எவ்வளவு தூரம் வரி அட்டவணையைப் பார்த்து நடை பயின்றது என்பதைக் காட்டும். ஒரு யந்திரம் மலிவாக இருப்பதற்குப் பொறியியலாளர் செய்யும் காரியம் பாதி; நிதியமைச்சர் செய்யும் காரியம் மீதி. இந்த இரண்டாவது பாதியைக் கணிப்பொறிச் சரித்திரம் எழுதுகிறவர்கள் ஏனோ விட்டுவிடுகிறார்கள்.

பூட்டுதல் என்றால் என்ன என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேசைக் கணிப்பொறியானால், வெறும் இரும்புக் கூட்டிலே மின்வழங்கியைத் திருகி, மதர்போர்டைப் பதித்து, செயலியையும் நினைவகத்தையும் ஹார்டு டிஸ்கையும் ஒவ்வொன்றாக ஏற்றி, கம்பிவடங்களை இணைத்து, பிறகு யந்திரத்தைச் சில மணி நேரம் ஓடவிட்டுச் சூட்டிலே எது கெடுகிறது என்று பார்க்க வேண்டும். மேசையருகே நிற்கும் தொழிலாளியின் மணிக்கட்டில் ஒரு பட்டை இருக்கும். அதிலிருந்து சுருள் கம்பி ஒன்று பூமியோடு இணைந்திருக்கும். உடம்பிலே ஊறும் நிலைமின்சாரம், கண்ணுக்குத் தெரியாத ஒரு பொறியினால், ஆயிரக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள சில்லைச் சுட்டுவிடக்கூடும் என்பதனால் இந்த ஏற்பாடு. மடிக்கணினியிலே இந்த வேலை இன்னும் சுருங்கிவிடுகிறது. திரை, மதர்போர்டு, கீல், விசைப்பலகை எல்லாம் சேர்ந்த உடல் தைவான் கம்பெனிகளின் சீனத்துச் சாலைகளிலேயே உருவாகி வந்துவிடும். நினைவகம், ஹார்டு டிஸ்க், பேட்டரி இவற்றைச் செருகி மென்பொருளை ஏற்றுவதே இங்கே எஞ்சிய காரியம். ஆகையால் மடிக்கணினி மலிவதற்கு உரிய சூத்திரம் சேதராப்பட்டில் இல்லை. அந்த உடலுக்குள்ளே இருக்கிறது. அதைப் பார்ப்பதற்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

குழந்தைகள் கையிலே தூக்கிச் செல்லத்தக்க, புத்தகம் போன்ற கணிப்பொறி ஒன்றை அமெரிக்க விஞ்ஞானி ஆலன் கே 1972-இல் ஒரு கட்டுரையிலே வருணித்தார். ‘டைனாபுக்’ என்பது அவர் அதற்கு இட்ட பெயர். விலை 500 டாலருக்கு மேற்படலாகாது என்றும் கருதினார். அப்போது அப்படிப்பட்ட யந்திரத்தைச் செய்து முடிக்க வழியில்லை. 1981-இல் விற்பனைக்கு வந்த ஆஸ்பார்ன் 1 என்ற, சந்தையில் வெற்றி கண்ட முதல் ‘தூக்கிச் செல்லும்’ கணிப்பொறியின் எடை ஏறத்தாழ 11 கிலோ, திரை ஐந்தே அங்குலம், பேட்டரி கிடையாது. விலை 1,795 டாலர். அதைத் தூக்கிச் செல்லலாம் என்பது உண்மையே. தூக்கிச் செல்கிறவருக்குத் தேகபலம் வேண்டும்.

சிரமத்துக்கு மூலம் எதுவென்று பார்த்தால் திரைதான். தொலைக்காட்சிப் பெட்டியில் உள்ளதைப் போன்ற கண்ணாடிக் குழாய்க்கு எடையும் அதிகம், மின்சாரப் பசியும் அதிகம். கைக்கடிகாரத்துக்கும் கணக்குப் பொறிக்கும் பயன்பட்ட திரவப் படிகத் திரையைக் கணிப்பொறிக்குக் கொண்டுவந்த பிறகே வழி பிறந்தது. எப்ஸன் கம்பெனியின் எச்.எக்ஸ்.20 என்ற யந்திரம் நான்கு வரி காட்டிற்று. 1983-இல் வந்த டாண்டி மாடல் 100 எட்டு வரி காட்டிற்று, வரிக்கு நாற்பது எழுத்து. பழைய 8085 என்ற செயலியையே குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஸீமாஸ் முறையிலே மறுபடி செய்து அதற்குள் வைத்தார்கள். கடையிலே கிடைக்கும் நான்கு பேனா பேட்டரிகளைப் போட்டால் இருபது மணி நேரம் ஓடிற்று. ஜப்பானியக் கியோஸெரா கம்பெனி செய்து, அமெரிக்காவிலே ரேடியோ விற்கும் கடைகளில் 799 டாலருக்கு விற்ற இந்த யந்திரத்தையே, என் அபிப்பிராயத்தில், மலிவு மடிக்கணினிகளின் மூதாதை என்று சொல்ல வேண்டும். அசையும் உறுப்பு ஒன்றும் அதில் இல்லை. சுவிட்சைத் தட்டிய மறுகணமே எழுதத் தொடங்கலாம். வெளியூர் போன பத்திரிகை நிருபர்கள் செய்தியை அதிலே தட்டி, டெலிபோன் கம்பி வழியே அலுவலகத்துக்கு அனுப்பினார்கள். குறைவான உறுப்புக்கள், குறைவான மின்சாரம், ஒரு சில காரியங்களே போதும் என்ற திருப்தி ஆகிய மூன்று குணங்களையும் பிற்பாடு வந்த மடிக்கணினிகள் மறந்துவிட்டன. வருஷத்துக்கு வருஷம் திரையும் வண்ணமும் வேகமும் பெருகின. விலையும் கூடவே ஏறிற்று. அந்த மறதி கலைய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

நம் நாட்டிலோ அந்நாளில் கணிப்பொறிமீது இருந்த இறக்குமதித் தீர்வை, யந்திரத்தின் அசல் விலையையே மிஞ்சும். 1984 நவம்பரில் ராஜீவ் காந்தியின் சர்க்கார் புதிய கணிப்பொறிக் கொள்கையை அறிவித்த பிறகு கதவு சிறிது திறந்தது. 1997-இல் உலக வர்த்தக ஸ்தாபனத்தின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்திலே இந்தியா சேர்ந்த பிறகு தீர்வை படிப்படியாகப் பூஜ்யத்தை நோக்கி இறங்கியது.

அந்தக் கட்டத்தில்தான் வில்லியனூர் நம் கதையிலே வருகிறது. 1998 ஜனவரியில், சென்னைத் தரமணியிலுள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார், கனடா தேசத்து ஆராய்ச்சி உதவி ஸ்தாபனத்தின் பொருளுதவியோடு, புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை நிறுவத் தொடங்கினார்கள். வில்லியனூர் தலைமை நிலையம். அங்கே டெலிபோன் வழியாக இணையத்தோடு தொடர்பு. அங்கிருந்து கிராமங்களுக்கு, போலீஸார் உபயோகிப்பதைப் போன்ற வயர்லெஸ் ரேடியோ வழியாகத் தொடர்பு. கிராமத்திலே இடத்தை ஊரார் கொடுக்க வேண்டும். யந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஆட்களையும், அவர்களுள் பெண்களையும், ஊராரே தர வேண்டும். வருகிற எவரையும் ஜாதி பார்த்துத் தடுக்கலாகாது என்பது நிபந்தனை. ஏம்பலத்திலே கோயிலைச் சேர்ந்த இடத்தில் மையம் அமைந்தது. கீழூரிலும் ஒன்று அமைந்தது; 1954 அக்டோபரில் புதுச்சேரிப் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்து வாக்களித்த அதே கீழூர்.

நெல்லும் உரமும் என்ன விலை, சர்க்கார் உதவித் திட்டங்களிலே யார் யார் பெயர் இருக்கிறது, பரீட்சை முடிவு என்ன, கால்நடை வைத்தியர் எப்போது வருவார் என்று, ஊருக்கு வேண்டிய செய்திகளை ஊராரே சேகரித்துத் தமிழில் உள்ளே ஏற்றினார்கள். பள்ளிப்படிப்பு அதிகம் இல்லாத பெண்கள், ஆங்கில எழுத்துப் பலகையிலேயே எந்த விசைக்கு எந்தத் தமிழ் எழுத்து என்று விரலால் பழகிக்கொண்டு, சரளமாகத் தமிழ் அடித்தார்கள். ‘நம்ம ஊரு செய்தி’ என்று ஒரு பத்திரிகையும் இந்த முயற்சியிலிருந்து கிளைத்தது.

இங்கே கணக்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நாளைய மேசைக் கணிப்பொறியும் அதன் குழாய்த் திரையும் சேர்ந்து நூறு வாட்டுக்கு மேல் விழுங்கும். கிராமத்தில் கரன்ட் போய்ப் போய் வரும். ஆகையால் கூரைமீது சூரிய ஒளித் தகடு, அறைக்குள்ளே பெரிய பேட்டரிகள், அவற்றுக்கு நடுவே மாற்றுக் கருவி என்று கணிப்பொறிக்குச் சமமான இன்னொரு செலவு கூடவே வந்தது. மலிவுக் கணிப்பொறி செய்யப் புகுந்தவர்கள் யந்திரத்தின் விலையைக் குறைத்துவிட்டால் போதும் என்று நினைத்தார்கள். அது குடிக்கும் மின்சாரத்தைக் குறைத்தால்தான் கிராமத்துக்கு மலிவு என்பது வில்லியனூர் மையங்களின் செலவுப் புத்தகத்தைப் புரட்டியிருந்தால் விளங்கியிருக்கும்.

வீராம்பட்டினத்து மீனவர்கள் செய்த ஏற்பாடு இதைவிட ரசமானது. அமெரிக்கக் கடற்படையார் இணையத்திலே வெளியிட்டுவந்த அலை உயர முன்னறிவிப்பை வில்லியனூரிலே இறக்கி, வீராம்பட்டினத்துக்கு அனுப்ப, அங்கே அது ஒலிபெருக்கியிலே உரக்கப் படிக்கப்பட்டது. கட்டுமரத்தைத் தள்ளப் போகிறவர் மையத்துக்குள்ளே வரவேண்டியதில்லை, எழுத்தறிய வேண்டியதில்லை, கடற்கரையிலே நின்றபடியே இன்றைய அலை எத்தனை அடி என்று தெரிந்துகொண்டார். கணிப்பொறியில் சிரமத்துக்கு மூலம் திரை என்று மேலே சொன்னேன். அந்த ஒரு திரைக்குப் பதிலாகக் கம்பத்திலே கட்டிய ஒரு குழாய் ஒலிபெருக்கியை வைத்து, ஒரே யந்திரத்தை ஊர் முழுவதற்கும் பங்கிட்டுவிட்டார்கள். தலைக்கு எத்தனை பைசா விழுந்திருக்கும் என்று கணக்கிட்டால், உலகத்தின் எந்த மலிவு மடிக்கணினியும் அதன் அருகே நிற்க முடியாது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி நல்லவாடு கிராமத்தின் ஆயிரக்கணக்கான ஜனங்கள் உயிர் தப்பியதும் இப்படிப்பட்ட ஒலிபெருக்கியினால்தான். மையத்திலே முன்பு தொண்டு செய்தவர் ஒருவர் சிங்கப்பூரிலிருந்து சுனாமிச் செய்தியை அறிந்து டெலிபோன் செய்ய, ஊரார் ஒலிபெருக்கியிலே அலறிக் கடற்கரையைக் காலி செய்தார்கள்.

ஒரு யந்திரத்தைப் பலர் ஆளும் இந்த எண்ணம் பெங்களூரிலும் அதே 1998-இல் வேறு உருவத்தில் தோன்றியது. வளரும் நாடுகளுக்குரிய தகவல் தொழில்நுட்பத்தைப் பற்றி அங்கே நடந்த மாநாட்டை ஒட்டி, இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த விஜய் சந்துரு, சுவாமி மனோகர் முதலிய ஆசிரியர்களும், என்கோர் கம்பெனியின் வினய் தேஷ்பாண்டே முதலியவர்களும் கூடி ‘சிம்ப்யூட்டர்’ என்னும் கைக்கணினியைத் திட்டமிட்டார்கள். 2001-இல் மாதிரி வெளிவந்தது. 206 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஸ்ட்ராங்ஆர்ம் செயலி, லினக்ஸ், தொடுதிரை, இந்திய மொழிகளில் எழுத்தை வாசித்துச் சொல்லும் மென்பொருள் இவற்றோடு, ஸ்மார்ட் அட்டை செருகும் ஒரு பிளவு. அந்தப் பிளவிலேதான் முழுத் தத்துவமும் இருந்தது. யந்திரம் பஞ்சாயத்துக்குச் சொந்தம்; ஆளுக்கோர் அட்டை. அட்டையைச் செருகினால் அது உன் கணிப்பொறி. எடுத்துவிட்டால் அடுத்தவர் கணிப்பொறி. குறித்த விலை 9,000 ரூபாய்.

ஆனால் விலை குறைய வேண்டுமானால் லட்சக்கணக்கில் செய்ய வேண்டும்; லட்சக்கணக்கில் செய்வதற்கு விலை முதலிலேயே குறைந்திருக்க வேண்டும். இந்தச் சுழலிலே சிக்கி, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையிலிருந்து 2004 மார்ச்சில் ‘அமிடா’ என்ற பெயரோடு அது சந்தைக்கு வந்தபோது, கைப்பேசிகள் மலிந்து விட்டிருந்தன. சில ஆயிரங்களுக்கு மேல் விற்பனை போகவில்லை. கையைச் சாய்த்தால் அதை உணரும் பொறி கூட அமிடாவில் இருந்தது; அந்த வித்தையைப் பிற்காலத்தில் கைப்பேசிகளிலே உலகம் கண்டு வியந்தது. என்கோர் கம்பெனியார் அடுத்த வருஷமே, ஏழங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட திரையும் லினக்ஸும் கொண்ட ‘மொபிலிஸ்’ என்ற சிறு கணிப்பொறியையும், மத்திய விஞ்ஞான ஆராய்ச்சிக் குழுவின் உதவியோடு செய்து காட்டினார்கள். தைவான்காரர்கள் பிறகு எதைச் செய்து உலகத்தை வாரிக்கொண்டார்களோ, அதன் சாயல் அதில் முன்கூட்டியே இருந்தது. அதைத் தொடர்ந்து நடத்த மூலதனம்தான் இல்லை. சென்னையிலோ, ஐ.ஐ.டி. பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா முதலியவர்களின் முயற்சியால் தோன்றிய நொவாடியம் கம்பெனி, கணக்கிடும் வேலையைத் தூரத்து யந்திரத்திடம் விட்டுவிட்டு வீட்டிலே ஒரு சிறு பெட்டியை மட்டும் வைக்கும் வழியைச் சோதித்தது. அந்தக் கதை நெடியது.

ஆளுக்கொரு யந்திரம் என்ற மற்றக் கிளைக்கு வருவோம். 2005 ஜனவரியில் டாவோஸ் மாநாட்டிலே அமெரிக்கப் பேராசிரியர் நிக்கொலஸ் நெக்ரபான்டி, குழந்தைக்கு ஒரு மடிக்கணினி, விலை 100 டாலர் என்று அறிவித்தார். யந்திரம் உண்டாவதற்கு முன்னே விலை உண்டாயிற்று. அந்த நவம்பரில் டூனிஸ் நகரத்து மகாநாட்டில் பச்சை நிற மாதிரியைக் காட்டியபோது, மின்சாரம் சுற்றியெடுக்கும் கைப்பிடியை ஐ.நா. பொதுச் செயலாளர் கோஃபி அன்னான் சுழற்ற, அது கையோடு வந்துவிட்டது. கடைசியில் கைப்பிடியைக் கைவிட்டார்கள். பரிகாசத்துக்கு இடம் கொடுத்த அந்த யந்திரத்தின் உள்ளே இருந்த புத்திசாலித்தனம் மட்டும் பரிகாசத்துக்குரியதன்று.

மேரி லூ ஜெப்ஸன் என்ற பெண்மணி அதற்காக ஒரு திரையை அமைத்தார். ஏழரை அங்குலம், உள்விளக்கு எரியும்போது வண்ணம் காட்டும், விளக்கை அணைத்துவிட்டு வெயிலிலே கொண்டுபோனால், அச்சடித்த காகிதத்தைப் போலக் கறுப்பு வெள்ளையில் துல்லியமாகப் படிக்கலாம். விளக்கு அணைந்த நிலையில் திரைக்கு வேண்டிய மின்சாரம் மிகச் சொற்பம். மதர்போர்டை விசைப்பலகைக்கு அடியில் வைக்காமல் திரைக்குப் பின்னே வைத்தார்கள். அதனால் கீல் வழியே செல்லும் கம்பிகள் குறைந்தன, குழந்தையின் மடியும் சுடவில்லை. ஹார்டு டிஸ்க் இல்லை, விசிறி இல்லை. 1 கிகாபைட் பிளாஷ் நினைவகம். 433 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஏ.எம்.டி. ஜியோட் செயலி. விசைப்பலகை ஒரே ரப்பர் விரிப்பு; தண்ணீர் கொட்டினால் துடைத்துவிடலாம். மூடியின் இரு பக்கமும் முயல் காதுபோல் மடங்கிய கொம்புகள், திறக்கும்போது ரேடியோ அலையை வாங்கின. மூடும்போது செருகுதுளைகளை மறைத்துத் தூசி புகாமல் காத்தன. டாண்டி 100 கற்பித்த மூன்று பாடங்களையும் இவர்கள் மறுபடியும் படித்திருந்தார்கள் என்பது எனக்கு ஐயமறத் தெரிகிறது.

2007 நவம்பரில் தைவானியக் குவான்டா கம்பெனி சீனத்திலே உற்பத்தியைத் தொடங்கிய நேரத்தில், விலை 100 டாலரிலிருந்து 188 டாலரை எட்டியிருந்தது. உருகுவே தேசம் தன் ஆரம்பப் பள்ளிக் குழந்தைகள் யாவருக்கும் வாங்கிக் கொடுத்தது. இந்தியா மறுத்தது. 2006-இலேயே மத்தியக் கல்வித் துறை, வகுப்பறையும் ஆசிரியரும் முதலில் வேண்டும் என்ற நியாயத்தைச் சொல்லித் திட்டத்தை ஒதுக்கியது. மகாராஷ்டிரத்தில் கர்ஜத்துக்கு அருகே கைராத் என்ற சிற்றூர்ப் பள்ளியிலே ஒரு சோதனை மட்டும் நடந்தது. கல்வித் துறை சொன்ன நியாயம் நியாயமே. ஆனால் அந்தத் துறையே சில வருஷங்கள் சென்று 35 டாலர் கருவி ஒன்றைக் கொடியேற்றிக் கொண்டாடியபோது, அந்த நியாயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

நெக்ரபான்டியின் யந்திரம் தான் வெல்லாவிட்டாலும் மற்றவர்களைப் பயமுறுத்திவிட்டது. முதலில் அதை விளையாட்டுச் சாமான் என்று ஏளனம் செய்த இன்டெல் கம்பெனி, 2006-இல் ‘கிளாஸ்மேட்’ என்ற போட்டி யந்திரத்தோடு வந்தது. தைவானில் ஏஸஸ் கம்பெனி 2007 அக்டோபரில் ‘ஈ பீஸி 701’-ஐ விற்பனைக்கு விட்டது. அதன் ஏழங்குலத் திரை, கையடக்க டி.வி.டி. கருவிகளுக்காக மலைமலையாக உற்பத்தியாகி விலை வீழ்ந்துகிடந்த இனத்தைச் சேர்ந்தது. திரையைச் சுற்றிலும் இருந்த அகன்ற கறுப்புச் சட்டத்தில் ஒலிபெருக்கிகளை வைத்து இடத்தை நிரப்பியிருந்தார்கள். 4 கிகாபைட் பிளாஷ், 512 மெகாபைட் நினைவகம், காசு கொடுக்க வேண்டாத லினக்ஸ், எடை 920 கிராம். செயலியோ 900 மெகாஹெர்ட்ஸ் ஓடவல்ல ஸெலரான். சூட்டையும் பேட்டரியையும் எண்ணி அதை 630-க்கு இழுத்துப் பிடித்திருந்தார்கள். சந்தையிலே அது பறந்தது. மறுவருஷம் இன்டெல் 2.5 வாட் மட்டுமே கொள்ளும் ‘ஆட்டம்’ செயலியைக் கொடுத்தது. வேடிக்கை என்னவென்றால், அதற்குத் துணையாகக் கூட்டியனுப்பிய 945 என்ற பழைய சில்லு 6 வாட் தின்றது.

சேதராப்பட்டிலே சாலை வைத்திருந்த எச்.சி.எல்., 2005-இல் 9,990 ரூபாய்க்கு மேசைக் கணிப்பொறி விற்று இந்தப் பந்தயத்திலே முன்னரே கால் வைத்திருந்தது. 2008 ஜனவரியில், கிளாஸ்மேட் இனத்தைச் சேர்ந்த ‘மைலீப்’ என்ற ஏழங்குல மடிக்கணினியை 13,990 ரூபாய் தொடக்க விலையில் வெளியிட்டது. ஆனால் நம் ஜனங்களுக்கு ஏழங்குலத் திரையிலே மனம் ஒட்டவில்லை. பணத்தைச் சேர்த்து வீட்டுக்கு ஒரே ஒரு கணிப்பொறி வாங்குகிற குடும்பம், அதிலே பையன் படிக்க வேண்டும், அப்பா கணக்கு எழுத வேண்டும், எல்லாரும் சினிமா பார்க்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. சிறு கணிப்பொறியோ, பெரியது ஒன்று முன்னமே இருக்கிற வீட்டில் இரண்டாவதாக இருக்கத் தகுந்தது. அமெரிக்கச் சந்தைக்கு இரண்டாவது கணிப்பொறி, நமக்கு முதலாவது. இந்த வேற்றுமையைக் கம்பெனிகள் விற்பனைக் கணக்கைப் பார்த்துத்தான் அறிந்தன.

மேல்நாட்டிலும் இந்த இனம் நெடுநாள் வாழவில்லை. சந்தை லினக்ஸின் கைக்குப் போகிறதென்று கண்ட மைக்ரோஸாஃப்ட், 2008 ஜூனோடு நிறுத்த இருந்த விண்டோஸ் எக்ஸ்பியைச் சிறு மடிக்கணினிகளுக்கு மட்டும் நீட்டித்து, நினைவகம் இவ்வளவுக்கு மேற்படலாகாது, திரை இவ்வளவுக்கு மேற்படலாகாது என்று வரம்பும் கட்டிற்று. வரம்புக்குள்ளே வளர முடியாமல், வரம்புக்கு வெளியே விலை கட்டாமல், எல்லாக் கம்பெனிகளின் யந்திரங்களும் ஒன்றுபோலவே ஆயின. 2010-இல் ஆப்பிளின் ஐபேட் வந்தது. 2012 முடிவில் ஏஸஸ் தன் ஈ பீஸி வரிசையை நிறுத்திவிட்டது.

தமிழ்நாட்டில் மலிவுக் கணிப்பொறி வேறு வாசல் வழியாக வந்தது. 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி, அண்ணா பிறந்த நாளன்று, முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் திருவள்ளூர் மாவட்டத்திலே தொடங்கிவைத்தார். முதல் வருஷத்துக்கு மட்டும் ஒன்பது லட்சத்துக்கு மேல். தமிழ்நாட்டு மின்னணுக் கழகமான எல்காட் கேட்ட யந்திரத்தில் சிறுமை ஒன்றும் இல்லை: 14 அங்குலத் திரை, 2 கிகாபைட் நினைவகம், 320 கிகாபைட் ஹார்டு டிஸ்க், விண்டோஸோடு, சென்னை ஸீடாக் செய்த ‘பாஸ்’ லினக்ஸும் உள்ளே. யந்திரத்தைச் சுருக்கி விலையைக் குறைக்கும் சூத்திரத்தை விட்டுவிட்டு, முழு யந்திரத்தையே லட்சக்கணக்கில் ஒரே கொள்முதலாகக் கேட்டு விலையை இறக்கும் சூத்திரம் இது. அளித்த கம்பெனிகளுள் எச்.சி.எல்., லெனோவா, ஏசர் ஆகிய, புதுச்சேரியோடு சம்பந்தமுள்ள பெயர்களே முன்னே நின்றன.

ஆயினும் புதுச்சேரிப் பிரதேசத்தின் எல்லை எப்படிப்பட்டது என்பது அங்கே வசிக்கிறவர்களுக்குத் தெரியும். விழுப்புரம் சாலையில் வில்லியனூரைத் தாண்டிச் சிறிது தூரம் போனால் கண்டமங்கலம், தமிழ்நாடு. இன்னும் கொஞ்சம் போனால் திருபுவனை, மறுபடி புதுச்சேரி. கண்டமங்கலத்துச் சர்க்கார் பள்ளியிலே பன்னிரண்டாம் வகுப்புப் படித்த பையனுக்குக் கிடைத்த மடிக்கணினி, அதே பஸ்ஸிலே வந்து வில்லியனூர்ப் பள்ளியிலே படித்த அவன் அத்தை மகனுக்கு அந்தத் திட்டத்தில் கிடைக்க வழியில்லை. புதுவை அரசும் தன் மாணவர்களுக்குப் பிறகு மடிக்கணினி கொடுக்கத்தான் செய்தது. ஆனால் இடைப்பட்ட காலத்தில், உறவுக்காரப் பிள்ளைகள் இருவரும் ஒரே கணிப்பொறியை மாறி மாறி உபயோகித்த வீடுகள் சாலையின் இரு பக்கமும் இருந்தன.

அதே 2011 அக்டோபரில் டில்லியிலே மத்திய அமைச்சர் கபில் சிபல், சுமார் 2,250 ரூபாய்க்கு வாங்கிய ‘ஆகாஷ்’ என்ற ஏழங்குலப் பலகைக் கணினியை வெளியிட்டார். அதன் கதையை அடுத்த அத்தியாயத்திலே பார்க்கலாம்.